இடது பக்கம்

எல்எல்ஆர் கைக்கு வந்த அன்றே
சிவப்பு ஸ்டிக்கரில் எல் வெட்டி
ஸ்கூட்டியின் முன்னும் பின்னும் ஒட்டினாள் ஜெமிமா.
பின்னால் ஒட்டியது சாய்ந்துவிட்டது.
"அது எனக்கு முன்னாடி கத்துக்குச்சும்மா, வளைஞ்சு நிக்குது பாரு."

பதினெட்டு முடிந்து ஒன்பது நாள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் காலடிப்பேட்டைத் தெருக்கள்.
லைசென்ஸ் வைத்திருக்கும் நான் பின்சீட்டில்.
ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டி
டொக் டொக்கென்று போனோம்.
பயம் வந்த இடத்திலெல்லாம்
அவள் இடுப்பை அழுத்தியிருக்கிறேன்.
"பிரேக் அங்க இல்லம்மா."

ஷேர் ஆட்டோ இண்டிகேட்டர் போடாது என்றேன்.
ஓரத்தில் நிற்கிறவர் கையைப் பார்.
கை உயர்ந்தால் ஆட்டோ நிற்கும்,
நீ இருப்பதை நினைக்காமல் நிற்கும்.
பீச் ரோட்டில் மணல் ஏறியிருந்தால்
முன் பிரேக்கைத் தொடாதே.
மெட்ரோ வாட்டர் மூடிய பள்ளத்தை
மூடியதாக நம்பாதே.
எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

மூன்றாவது வாரம் கேட்டாள்:
"எக்ஸ்பிரஸ் ரோடு எப்ப?"

மணலி யார்டில் எனக்கு கேட் என்ட்ரி வேலை.
டிரெய்லர் நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்.
பதினோரு வருஷ நோட்டுகள்.
சில நாள் வெளியே போன நம்பர் திரும்புவதில்லை.
ஸ்டேஷனில் நிற்கிறது என்பார்கள்.
மறுநாள் வாசலில் யாரும்
சத்தமாகப் பேசமாட்டார்கள்.
ரிமார்க்ஸ் கட்டத்தை நான் காலியாகவே விடுவேன்.

"லாரிய நான் பாக்குறேன் இல்ல?
அவரும் என்னைப் பாப்பாரு" என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது,
வாக்கியமாக இல்லை.

சனிக்கிழமை மதியம் யார்டுக்கு வரச் சொன்னேன்.
சங்ககிரி லோகநாதன் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்.
கேட்டதும் யோசித்தார்.
சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டிவிட்டு
"ஏறும்மா" என்றார்.

மூன்று படி. ஜெமிமா மேலே.
ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ராணி மாதிரி சிரித்தாள்.
நான் ஸ்கூட்டியைத் தள்ளிப்போய்
இடது முன்சக்கரத்தை ஒட்டி நின்றேன்.
ஆரஞ்சு ஜாக்கெட், நெஞ்சில் இரண்டு வெள்ளிப் பட்டை,
உச்சி வெயில்.

"எங்கம்மா நிக்கிற?"
"இங்கதான்."
"இங்கன்னா?"
கையை ஆட்டினேன். ஹாரன் அடித்தேன்.
மேலே கண்ணாடியை அவள் தேடுவது
சீட்டு கிறீச்சிட்டதில் தெரிந்தது.
"சவுண்டு வருது. நீதான் இல்ல."

டயர் என் நெஞ்சு உயரம்.
ரப்பர் சூடு முகத்தில் அடித்தது.
பெற்றவள் நான் இல்லாமல்
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு முன்னால் தள்ளினேன்.
இரண்டடி. இல்லை.
நாலு. இல்லை.
ஏழாவது அடியில்
"தலை... தலை தெரியுதும்மா."

இறங்கி வந்தவள் பேசவில்லை.
லோகநாதன் பாக்ஸை மூடியபடி சொன்னார்:
"பதினாறு வருசமா ஓட்டுறேன்.
அந்த இடத்த ஒருநாளும் நான் பாத்ததில்ல."

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
எம்எஃப்எல் சிக்னல். முன்னால் நாற்பதடி டிரெய்லர்.
அதன் இடது பக்கம்
ஒரு ஸ்கூட்டி அளவுக்கு வழி.
இரண்டு பையன்கள் நுழைந்து போனார்கள்.
ஒருத்தி பால் கேனோடு போனாள்.
என் விரல்கள் அவள் இடுப்புக்கு வந்து
தொடாமல் நின்றன.

ஜெமிமா காலை ஊன்றினாள்.
பின்னால் ஹாரன், இன்னொரு ஹாரன்.
"இன்னாமா, வண்டி ஓடாதா?"
அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

பச்சை விழுந்தது.
டிரெய்லர் ஒரு முறை உலுக்கிக்கொண்டு
இடது பக்கம் முழுவதையும்
தனக்கே எடுத்துக்கொண்டு திரும்பியது.
புழுதி அடங்கும்வரை அவள் நகரவில்லை.

பழக்கத்தில் அதன் நம்பரைப் படித்தேன்.
திங்கள்கிழமை வந்தால்
நேரம் குறித்து உள்ளே விடுவேன்.