உது

கொழும்பு மேன்முறையீட்டுக்கு
இருநூற்றுப் பதினாறு பக்கம்
ஆங்கிலத்தில் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.
நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடியில்
மின்விசிறிக்குப் பறக்கும் தாள்கள்மேல்
கல்லுக் கல்லாய் வைத்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்,
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்.

முதலில் உறுதி.
அறுபத்தெட்டில் நொத்தாரிசு எழுதிய
ஒரேயொரு வாக்கியம், ஒன்றரைப் பக்கம்.
நல்லூர்க் கோயிற்பற்று, கோண்டாவிலில்
பனிச்சையடி என்னும் காணி
மூன்று பரப்புப் பதினொரு குழி;
கிழக்கு ஒழுங்கை,
வடக்கு வல்லிபுரநாதர் பெண் தெய்வானை,
மேற்கு எவர் பேருமில்லாத பற்றை,
தெற்கு பூவரசு வேலி.
நாலு எல்லையும் நடந்து
கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலில் பங்கும் எண்ணி
நின்ற பனை பதினேழையும் தொட்டு
கால் உளைந்த பிறகுதான்
வருகிறது வினைமுற்று:
கொடுத்தேன்.
அதுவரை அந்த மனிதர்
மனம் மாறியிருக்கலாம்.

ஆங்கிலம் படலையிலேயே கொடுத்துவிடும்.
எதை, எவ்வளவு, எந்த வேலிவரை என்பதெல்லாம்
கையொப்பம் காய்ந்த பிறகு
ஒவ்வொன்றாய் வந்து சேரும்.
வேற்றுமை உருபுகளைச்
சொல்லின் வாலிலிருந்து கழற்றித்
தலையில் கட்டினேன்.
தெய்வானை வினைக்குப் பின்னால்
வரிசையில் போய் நின்றாள், முணுமுணுக்காமல்.

பிறகு சாட்சியம்.
வழக்காளி சொர்ணகாந்தி, வயது எழுபத்திரண்டு.
‘உந்தக் கிணத்திலை எனக்குப் பங்கு இல்லையெண்டு
நான் ஒருநாளும் சொல்லேல்லை.’

‘இல்லை’ வரை கேட்ட எதிர்த்தரப்புச் சட்டத்தரணி
கதிரையை விட்டு எழும்பியிருப்பார்.
‘எண்டு’ அவரை
அரைவாசியில் பிடித்திருக்கும்.
‘சொல்லேல்லை’ இருத்தியிருக்கும்.
என் ஆங்கிலத்தில்
மறுப்பு முதலே வந்துவிட்டது.
ஒருவரும் எழும்பவில்லை.

அது போகட்டும்.
‘உந்த’வை என்ன செய்ய?

இது என்றால் என்னருகே.
அது என்றால் அங்கே.
உது, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது:
அக்கரைத் தமிழ் எப்போதோ
கைதவறவிட்ட சுட்டு.
நாங்கள் நாளுக்கு நூறுதரம் அதால்
உப்பும் குடையும் எடுப்பிக்கிறோம்.
ஆங்கிலத்திடம் இரண்டே லாச்சி;
மூன்றாவது சாமானை
எதற்குள்ளும் திணிக்கலாம்.

நீதிபதிக்குப் பக்கத்தில் கிணறேது?
பக்கத்தைத் திருப்பினேன்.
எதிராளி அமுதசோதி, சாட்சியின் தங்கை,
அன்று மன்றில் சமுகமாயிருந்தார்.
கிணறு தங்கையின் வளவுக்குள்.
அப்படியென்றால்
சொர்ணகாந்தி அந்த வசனத்தை
நீதிபதிக்குச் சொல்லவில்லை.
பத்தொன்பது வருடம் முகம் பாராதவளைத்
திரும்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.
பதிவில் அது இல்லை.
அடுத்த வரி:
சாட்சி சற்று நேரம் பேசவில்லை.

சிங்களப் பிரதி செய்யும் சமன்மலிக்குக்
கொழும்புக்குப் போன் எடுத்தேன்.
‘எங்களிடம் இருக்கிறதே, ஓய’ என்றாள்.
‘கொஞ்சம் நீட்டினால் ஓயா.
ஓயா என்றால் நீ.’
அவளுக்குச் சிரிப்பு.
எனக்கு, சொல்லுக்குள் ஓர் ஆள் இருந்து
எட்டிப் பார்த்ததுபோல.

‘உன்னருகே உள்ள கிணறு’ என்று எழுதலாம்.
எழுதினால்,
கிணறு உன்னுடையதென அக்காவே ஒப்புக்கொண்டதாய்
மூன்று நீதியரசர்கள் வாசிப்பார்கள்.
‘அந்தக் கிணறு’ என்று எழுதினால்
வழக்குக்குப் பழுதில்லை.
தங்கைதான் இல்லாமல் போவாள்.

எழுதினேன், அந்தக் கிணறு.
முத்திரை குத்தினேன்.

கீழே கடையில் தேத்தண்ணி.
குடித்து முடித்து, கிளாசை எங்கே வைப்பதென்று நிற்க,
மாவில் கையை வைத்திருந்த பொடியன்
நிமிராமல் சொன்னான்:
‘உதிலை வையுங்கோ.’
வைத்தேன்.