மல்லாவியில் ஆடும் யன்னல்

சங்கத்துக்குப் பழசாய் வந்த மூன்று கொம்பியூட்டரில்
ஒன்று எழும்பவே இல்லை.
ஒன்றின் வயிற்றுக்குள் பல்லி முட்டை.
மிச்சத்தில் லினக்ஸ் போட்டேன்,
காசு கேட்காதது அதுதான் என்பதால்.

பசளை மானியப் பதிவை நாலு மணிக்கு முடித்துவிட்டு
துணுக்காய் பஸ் வரும்வரை
எஃபெக்ட்ஸ் பட்டியலைத் திறந்து வைத்திருப்பேன்.
சின்னச் சின்னப் பெட்டிகள்.
சரி போட்டால் ஒன்று நடக்கும், எடுத்தால் நிற்கும்.
இவ்வளவு நேர்மையாய் வேறெந்தப் படிவமும்
எனக்குப் பதில் சொன்னதில்லை.

சாளரம் என்று எழுதியிருந்தது.
ஆரோ நல்ல பிள்ளை இருந்து மொழிபெயர்த்திருக்கிறது.
எங்களுக்கு அது யன்னல்.
பிடித்து இழுத்தேன், கோப்பையில் ஜெலி மாதிரி நெளிந்தது.
விட்டதும் நாலு முறை நடுங்கி நேரானது.
சுருளின் இறுக்கம் எட்டு, உராய்வு மூன்று என்று வைத்தேன்.
காசாளர் யோகமலர் எட்டிப் பார்த்து
"உது என்னத்துக்கு?" என்றா.
"சும்மா."
"சும்மாவுக்கோ இவ்வளவு செட்டிங்ஸ்?"

கனசதுரத்துக்குச் சுற்றிவர நாலு முகம்.
ஒன்றில் பதிவேடு, ஒன்றில் கடன் கணக்கு,
மூன்றாவதில் மனேச்சருக்குத் தெரியாத சீட்டாட்டம்,
நாலாவதில் ஒன்றுமில்லை.
அவருடைய செருப்புச் சத்தம் படியேறும்போது
ஒரு கையால் மூன்று விசை.
உலகம் ஒரு பக்கம் திரும்பும்,
நான் வேலை செய்துகொண்டிருப்பேன்.

மூடும் யன்னலுக்கு என்ன நடக்கவேண்டும் என்று
கேட்கிற இடத்தில்
மடிதல், கரைதல், பறத்தல், எரிதல்.
எரிதலை ஒருக்கால் அழுத்திப் பார்த்தேன்.
கீழிருந்து மேலாக, சத்தமில்லாமல்.
எடுத்துவிட்டேன்.
மடிதல் போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை எதையோ தட்டப்போய்
யன்னல்களின் தலைப்பட்டை எல்லாம் போயிற்று.
மூட இடமில்லை, நகர்த்தப் பிடியில்லை.
பதினேழு கமக்காரரின் பெயர்கள்
நடுத்திரையில் குந்தியிருந்தன, தலையில்லாமல்.
வெளியே வரிசை செருமியது.
டேர்மினலைக் கூப்பிட்டு ஒரு வரி அடித்தேன், இரண்டு தரம் பிழைத்து.
இருட்டு. ஒரு மூச்சு. பிறகு தலைகள் வந்தன.
அன்றோடு மங்கலையும் நிழலையும் நிறுத்தினேன்.
பழைய கிராபிக்ஸ் கார்ட்,
அதுவும் எவ்வளவைத்தான் தாங்கும்.

மழை என்றும் ஒரு பிளகின் இருக்கிறது.
ஐப்பசி பிறந்து பத்து நாள்.
வவுனிக்குளத்தில் மாடுகள் நடுவரைக்கும் நடந்து போயின.
புழுதி விதைப்பு விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்து அலுத்து
சங்கத்து ஃபானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அழுத்தினேன்.
திரையில் துளி விழுந்து வட்டம் விரிந்தது
பசளைப் பட்டியலின் மேல், கடன் கணக்கின் மேல்,
வேலாயுதபிள்ளை என்ற பெயரின் மேல்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
"பிள்ளை, இதைக் கொஞ்சம் கூட்டேலாதோ?"
கூட்டலாம்.
துளிக்கும் துளிக்கும் இடையில் இருந்த
இருநூற்றைம்பதை ஐம்பதாக்கினேன்.
வரிசை முழுக்க மேசைக்கு வந்துவிட்டது.
"உது எத்தினை இஞ்சி?"
"வாய்க்கால் எந்தப் பக்கம்?"
முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுத்திட்டத்துக் கடைசித் தவணை இன்னும் வரவில்லை.
அந்தப் படிவத்திலும் சின்னச் சின்னப் பெட்டிகள்,
எல்லாவற்றிலும் சரி போட்டுக் கொடுத்து ஒன்றரை வருசம்.
யன்னலுக்குச் சட்டம் இருக்கிறது, கதவில்லை,
தறப்பாள் கட்டியிருக்கிறேன்.
இரவில் காற்று அதைப் பிடித்து இழுத்து விடுகிறது.
நெளிகிறது, நாலு முறை நடுங்குகிறது, நேராகிறது.
இறுக்கம் எட்டு, உராய்வு மூன்று.
படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கையில்தான் நினைவு வந்தது:
பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில்
மழையை நிறுத்தவில்லை.
பூட்டிய சங்கத்துக்குள்
ஒருவருமில்லாமல் பெய்துகொண்டிருக்கும்.