இருபதாவது நிமிடம்

"குடித்தவன் பேசுவதுபோல் வருகிறது" என்றார் ஹோல்கர்,
ஆம்பை மேசையில் இறக்கிவிட்டு.
கூரை வேலைக்காரர். சட்டையில் தார் வாசனை.
சனிக்கிழமை எல்பர்ஃபெல்டில் வாசிப்பு.
"வால்வு மாற்றியது நீங்கள்தானே?"
அதையும் மேசையில் இறக்கினார்.

நான்தான்.
இரண்டு வருடம் முன். ரசீது என் கையெழுத்தில்.

கிதாரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன்.
ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை விரல்நுனியால் அமுக்கி
உரசுகிறதா என்று காது கொடுத்தேன்.
தலைக்குமேல் தொங்கு ரயில் போனது.
ஃபோவிங்கலில் எந்தக் கோளாறுக்கும்
முதல் பழி அதற்குத்தான்.
போய்விட்டது. பெட்டியில் ஒரு மாற்றமும் இல்லை:
கரகரப்பே இல்லை.
கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர்போல
ஒவ்வொரு சுரமும்.

ஹோல்கரை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.
தேநீர் ஆறியது, பெட்டி சூடேறியது.
இருபதாவது நிமிடம்
தடித்த தந்தியில் மணல் விழுந்தது.

கரகரப்பு கெட்டதென்று சொல்லவில்லை.
அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்குகிறார்கள்
வால்வு பெட்டியை.
ஓங்கி அடித்தால் சீறும், கையை எடுத்தால் அடங்கும்.
இது வேறு.
மெல்லத் தொட்டாலும் முனை மழுங்கி,
எச்சில் தெறிக்க,
அடங்கத் தெரியாமல்.

பென்சிலின் ரப்பர் முனையால் வால்வுகளைத் தட்டினேன்,
தேங்காய் பார்ப்பவள் மாதிரி.
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
விளக்கை அணைத்துப் பார்த்தேன்:
கோடியில் இருந்த வால்வில், தகட்டின் ஓரம்,
இருக்கக் கூடாத ஒரு சிவப்பு.

நான் போட்ட வால்வு.

பின்பலகையைக் கழற்றினேன்.
இடது கை கோட்டுப் பைக்குள்.
நானூறு வோல்ட் ஓடும் இடத்தில்
ஒரு கை வேலைக்கு,
மற்றது வீட்டுக்கு.

கிரிட்டில் சுழியம் காட்ட வேண்டும்.
நான்கு புள்ளி இரண்டு என்றது மீட்டர்.
அணைத்து, ஆறவிட்டு, அந்த வால்வை உருவி எடுத்து,
மீண்டும் சூடேற்றி
வெறும் குழியில் அளந்தேன்.
அப்போதும் நான்கரை.
ஆக, வால்வு குற்றவாளி இல்லை.
ஒரு மூச்சு விட்டேன். அற்ப மூச்சு.

அதற்கு முன்னால் இருக்கிறது அந்த மஞ்சள் மின்தேக்கி.
புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
அசைவதை உள்ளே விடவேண்டும்,
அசையாத அழுத்தத்தை வாசலில் நிறுத்தவேண்டும்,
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
சூடு ஏறியதும் கதவைக் கொஞ்சம் சாத்தாமல் விடுகிறது.
கழற்றி, முடி உலர்த்தியைக் காட்டினேன்.
மீட்டரில் எண்கள் மெல்ல ஏறின.

பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன்.
புரட்டாமல் இருந்திருக்கலாம்.
ஜனவரி. காலை எட்டரை. ஹீட்டர் வேலை செய்யாத வாரம்.
மஞ்சள் மின்தேக்கி என்று எழுதி, எதிரே
நீல மையில், சரி.

புதியது தொண்ணூறு சென்ட்.
பற்றவைக்க இரண்டு நிமிடம்.

வெள்ளி மாலை ஹோல்கர் உட்கார்ந்து வாசித்தார்.
இருபது நிமிடம். இருபத்தைந்து.
நாற்பதில் நிறுத்திப் பெட்டியைப் பார்த்தார்,
பல் கட்டி வந்த அண்ணனைப் பார்ப்பதுபோல்.
"வால்வா?"
"வால்வு இல்லை" என்றேன். உண்மை.
"ஒரு சின்ன மின்தேக்கி. வயசு." அதுவும் உண்மைதான்.

ரசீதில் தொண்ணூறு சென்ட் மட்டும்.
"வேலைக்கூலி?"
கேட்காததுபோல் பேனாவைத் தேடினேன்.
ஜெர்மன் வரிகளுக்குக் கீழே தமிழில் எழுதினேன்:
சூட்டில் அளந்தது.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது என்ன?"

"தேதி" என்றேன்.
மேலே ரயில் வந்துகொண்டிருந்தது.