திங்கட்கிழமை காலை எட்டு மணி

அமெரிக்காவில் அது ஞாயிற்றுக்கிழமை இரவு.
யீஷூனில் எங்களுக்கு இரட்டைக் கணக்குப் பாடவேளை.

ஆளுக்கு ஏழு வெள்ளி ஐம்பது காசு என்று பேச்சு.
கேபிள் நிறுவனத்துக்குப் போன் போட்டவன் ஹைருல்,
செழியனின் அப்பா குரலில்,
அடையாள அட்டை எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு.
அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் இருமினான்.

ஒன்பதாவது மாடி. திரைச்சீலையை இழுத்துவிட்டு,
ஒலியைப் பாதிக்குக் குறைத்து,
சீருடையோடு நால்வர். நான் ஒருத்திதான் பெண்.
பக்கத்து வீட்டு மேடம் கோ
தாழ்வாரத்தில் துணி காயப்போட்டு முடிக்கும்வரை
மூச்சைக்கூடப் பங்கு வைத்து விட்டோம்.

எல்லாம் பொய்ச்சண்டை என்று
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வெய் ஜியே சொல்வான்;
பிறகு முதல் ஆளாக எழுந்து கத்துவான்.
நாங்கள் அவன் வாயைப் பொத்துவோம்.

மூன்றாவது ஆட்டம்.
தபால்காரன் என்று ஒருவன்.
நீலச் சட்டை, தோல் பை, வழுக்கை விழத் தொடங்கிய தலை.
வரும் வழியெல்லாம் கூட்டத்துக்குக் கடிதம் வீசுவான்.
தோற்பது அவன் உத்தியோகம்.
எதிரே கிரானைட்.
பெயருக்கேற்ற மார்பு, பெயருக்கேற்ற முகபாவம்.

மேல் கயிற்றிலிருந்து தபால்காரன் பாய்ந்தான்.
கால் வழுக்கியதோ, கணக்குப் பிசகியதோ,
கழுத்து முதலில் இறங்கியது.
செழியன் சிரித்தான்.
நான் பார்த்தேன்:
கிரானைட் குனிந்து, குரல்வளையை நெரிப்பதுபோல் நெரித்து,
மறுகையால் அவன் கையை ஒருமுறை அழுத்தினான்.
இவன் இரண்டு முறை திருப்பி அழுத்தினான்.
பிறகு எழுந்து
ஒப்புக்கொண்டபடியே தோற்றான்.

அன்றைய பட்டம் யாருக்குப் போனதென்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த மாதம் கேபிள் பில் வந்தது,
சண்டையின் பெயரோடு, காலை எட்டு என்ற நேரத்தோடு.
பையன்களுக்கு ஆளுக்கு ஒரு பிரம்படி.
பெண் என்பதால் எனக்கு
மூன்று நாள், பள்ளி முடிந்தும் தடுத்துவைப்பு.
ஒத்திகை பார்க்காத அடி எப்படி விழும் என்று
வெய் ஜியே நின்றபடியே விளக்கினான்,
ஒரு வாரம்.

அந்தக் கை அழுத்தல் மட்டும் என்னோடு வந்தது.
அறுவை அறைக்குத் தள்ளிப்போகும் கட்டிலருகே
எத்தனையோ பேரின் கையில் செய்திருக்கிறேன்.
மணமேடையில் பக்கத்தில் இருந்தவன் கையிலும்,
புகைக்கு நடுவே, யாருக்கும் தெரியாமல்.
அவன் திருப்பி அழுத்தவில்லை.
அது வேறு கதை.

போன சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடிந்து
தூக்கம் வராமல் தேடினேன்.
இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது;
முப்பது வெள்ளி வேண்டாம், திரைச்சீலை வேண்டாம்.
மூன்றாவது ஆட்டம். பதினோராவது நிமிடம்.
பாய்கிறான். விழுகிறான்.
கிரானைட் குனிகிறான்.
கேமரா கூட்டத்துக்குத் தாவுகிறது.
அட்டை தூக்கிய ஒரு தாடிக்காரன், நான்கு நொடி.
திரும்பி வரும்போது
தபால்காரன் எழுந்து நிற்கிறான்.

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி.
தாடிக்காரன்.
தாடிக்காரன்.

செழியனுக்குப் போன் செய்தேன்.
"எந்தத் தபால்காரன்?" என்றான்.
ஹைருலுக்கு நினைவிருந்தது
வெய் ஜியே இன்னும் தராத ஏழரை வெள்ளிதான்.

அணைக்கப் போனேன். விரல் தவறி ஓடிக்கொண்டிருந்தது.
நான் சுத்தமாக மறந்துபோன ஒன்று:
இசை மாறிவிட்டது, விளக்கெல்லாம்
அடுத்து வருகிறவன் பக்கம் திரும்பிவிட்டது.
படத்தின் ஓரத்தில், பாதி இருட்டில்,
ஒரு கையால் கழுத்தைப் பிடித்தபடி
தபால்காரன் மண்டியிட்டு
யாரும் எடுக்காத கடிதங்களைப் பொறுக்கிப்
பையில் போடுகிறான்.

ஒன்றை விட்டுவிட்டான்.
வந்தவனின் பூட்ஸில் அது ஒட்டிக்கொண்டு
மேடைவரை போயிற்று.