அறுபத்தைந்து பைட்டுகள்

லீபாயா நகர நூலகத் தளம்
ஊருக்கெல்லாம் திறக்கிறது.
வெல்டா ஸிர்னேவுக்கு மட்டும் 502.

ரைவிஸ் முதலில் அவள் கணினியைச் சந்தேகித்தான்,
பிறகு துறைமுகத்துக் கேபிளை, காற்றை.
வாசல் சர்வர் சத்தியம் செய்கிறது:
வாங்கியதை அப்படியே உள்ளே கொடுத்தேன்.
உள்ளே இருப்பது வாய் திறக்கவில்லை.

இரவு பதினொன்றரைக்கு, லாகின் அடியில் ஒரு வரி.
கோரிக்கை 4161. எல்லை 4096. தவிர்க்கப்பட்டது.

தவிர்க்கப்பட்டது!
இத்தனை மரியாதையாக
யாரும் கதவைச் சாத்தி அவன் பார்த்ததில்லை.

அவள் அனுப்பியதைப் பிரித்தான்.
கேட்டது ஒரே சொல்: விலாங்குமீன்.
மீதி பெரும்பாலும் குக்கீ.
ஆறு வருடமாய் 'பிறகு படிக்க' என்று
குறித்துவைத்த புத்தகங்களின் எண்கள்
ஒவ்வொரு சொடுக்கிலும்
கூடவே நடந்து வந்திருக்கின்றன.
நேற்று பத்து சேர்த்திருக்கிறாள்.

புதிதாய் வருகிறவன் வெறுங்கையோடு நுழைந்துவிடுகிறான்.

பட்டியலை அப்படிக் கோத்தவன் யார் என்று தேடினான்.
ரைவிஸ்தான்.
வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம்.

பஃபரை 32768 ஆக்கி
மறுபடி கிளப்பிவிட்டு
விளக்கை அணைத்தான்.

காலை ஒன்பது ஐந்துக்கு
விலாங்குமீன் பற்றி மூன்று புத்தகம் கிடைத்தது அவளுக்கு.
மூன்றையும் 'பிறகு படிக்க'வில் போட்டாள்.