பெரட்டுக்கு முன்

பதினொன்றேகாலுக்குக் குடித்தாள்.
பன்னிரண்டுக்கு மறுபடி.
இப்போது ஒன்றோ ஒன்றரையோ,
ஃபோனைத் தட்டினால் வெளிச்சத்துக்கு முழித்துக்கொள்வாள் என்று
பார்க்கவில்லை.
முழித்துத்தான் இருக்கிறாள் என்பது
அப்புறம்தான் உறைத்தது.

பிறந்து ஒன்பது நாள்.
டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் வந்தபோது
நோர்வூட் தாண்டி அத்தனை வளைவிலும் தூங்கினாள்.
அந்தத் தூக்கத்தை
எந்த வளைவில் இறக்கிவைத்தாளோ.

இந்தத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சங்கு.
பெரட்டுக்கு, தேத்தண்ணிக்கு, பகல் நிறுவைக்கு,
வீட்டுக்குப் போ என்பதற்கு.
பாலுக்கும் அப்படித்தான் என்று இருந்தேன்.
மூன்று மணிக்கொரு தரம், பக்கத்துக்கு இருபது நிமிசம்,
செக்ரோலில் பேர் விழும்,
பிந்தினால் அரைப்பேர்.

நிலந்தி மிஸ் சிரித்தாள்.
அவள் தமிழ் மூச்சு வாங்கி மலையேறும்:
"பேபி கேக்கிற நேரம் குடு.
கை வாய்க்குப் போகுது, தலை திருப்புது,
அதுதான் கேக்கிறது.
அழுறது கடைசி. அதுவரைக்கும் நிக்க வேணாம்."

மூன்று கிலோவில் நூற்றெண்பது கிராம் குறைந்திருந்தது.
எல்லா பேபிக்கும் குறையும், வரும், என்று
அட்டையில் புள்ளி வைத்தாள்.
எனக்கு நிறுவை என்றாலே நெஞ்சு அடிக்கும்.
நான் பறித்த எந்தக் கொழுந்தும்
முழுதாக எழுதப்பட்டதில்லை.
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு இரண்டு.
இவளிடம் யார் எதற்குக் கழித்தார்கள்?

கிருபாகரன் நடக்கிறான்.
அடுப்பிலிருந்து கதவுக்கு ஏழு எட்டு,
கதவிலிருந்து அடுப்புக்கு ஆறரை,
நடுவில் அரிசி வாளி.
கொழும்புக் கடையில் கேட்டு வாங்கிய லீவு,
இன்னும் நாலு நாள்.
தாலாட்டு ஒன்றும் தெரியாது அவனுக்கு.
குழாய் அளவு சொல்கிறான், மெதுவாக, காதோடு:
"அரை இஞ்சு, முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு,
ஒண்ணேகால், ஒண்ணரை..."
இரண்டு இஞ்சு வரைக்கும் கேட்டாள்.
பிறகு லயமே எழும்ப ஒரு கத்தல்.

எங்கள் சுவர் கூரையைத் தொடாது.
மேலே இருக்கும் இடைவெளியால்
இருமல் வரும், கருவாடு வரும், சண்டை வரும்.
இப்போது சந்தனமாரி வந்தாள்,
குரல் மட்டும்.
என்னைவிட ஐந்து மாதம் முந்திப் பெற்றவள்.

"ஏப்பம் வந்துச்சா?"
"வந்துச்சு."
"துணி?"
"மாத்தியாச்சு."
"குடிச்சாளா?"
"ரெண்டு பக்கமும்."
"அப்ப ஒண்ணும் வேணாம் அவளுக்கு. நீதான் வேணும்.
சட்டையக் கழட்டிட்டு நெஞ்சுல போடு."

தூக்கத்தைக் கெடுத்ததற்கு
என்னமோ சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"நான் அஞ்சாம் நம்பர் மலையில நிக்கிறப்போ
என் பய கீழ பிள்ளைக்காம்பராவுல அழுவான்.
எனக்குக் கேக்காது.
சட்டைக்குக் கேக்கும்.
நனஞ்சிரும்."

அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

கழற்றினேன்.
தகரத்திலிருந்து குளிர் நேராக முதுகில் இறங்கியது.
அவளையும் உரித்து, துணியோடு மட்டும்,
முகம் கீழே, காது என் எலும்பில்.
கிருபா கம்பளியை எடுத்து
எங்கள் இரண்டு பேரையும் ஒரே பொட்டலமாக மூடினான்.
விக்கினாள். உதைத்தாள்.
உதைத்த கால் அப்படியே நின்றது.

பிறகு தலையைத் தேய்த்துத் தேய்த்து
அவளாகவே கீழே நகர்ந்து
காம்பைக் கண்டுபிடித்தாள்.
குடிக்கவில்லை.
வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்,
கடைக்குப் போகும் பிள்ளை
காசை இறுக்கிக்கொண்டிருப்பதுபோல.

சங்கு ஊதியபோது
லயத்தில் விளக்குகள் வரிசையாக விழுந்தன.
சந்தனமாரி வீட்டில் கேத்தல் மூடி,
அவள் பயலின் கொட்டாவி, கொழுத்தாத நெருப்புக்குச்சி.
எண்பத்து நாலு நாள் லீவில் ஒன்பது போய்விட்டது.

வாளியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கும் கிருபா
ஒருதரம் முனகினான்,
"ரெண்டரை."

கம்பளிக்குள்ளே
சின்னக் கை ஒன்று
வாயைத் தேடிப் புறப்பட்டது.