ஆரு?

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
சர்வர் அறைக்கு மட்டும்தான் ஏசி.
சீசனில் அதற்குள்ளும் பெங்களூரா வாசம் நுழைந்துவிடும்;
அதைத் தடுக்கிற ஃபயர்வால் என்னிடம் இல்லை.

இரவு இரண்டே கால்.
எடைமேடையில் லாரிகள் உறுமுகின்றன.
கணக்குப் பிரிவு திம்மக்காவின் அஞ்சலைத் திறக்க
எங்கிருந்தோ ஒருவன்
நானூற்றுப் பதினேழு முறை
தவறான கடவுச்சொல் போட்டிருக்கிறான்.
பூட்டு அசையவில்லை.
எனக்குச் சற்றே கர்வம்.

இன்னொருவன் மதியமே
வாசல் வழியாக வந்து போயிருக்கிறான்:
"எங்கள் வங்கி மாறிவிட்டது.
தயவுசெய்து பாக்கியைப் புதுக் கணக்கில் செலுத்தவும்.
ஹேமா டிரம்ஸ்."

முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எம் இருக்கவேண்டிய இடத்தில்
ஆரும் என்னும்,
டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கிய இருவர்போல.

ஆர்.
கதவு தட்டினால்
எங்கள் பக்கம் உள்ளிருந்து கேட்பதும் அதைத்தான்:
ஆரு?
என் சர்வரும் கேட்டது.
பெயர் சொன்னான், முத்திரை காட்டினான்,
அவன் விலைக்கு வாங்கிய பெயருக்கு அது சரியான முத்திரை.
விட்டுவிட்டது.

பதினோரு லட்சம்.
அவள் மேசைக்கு ஓடினேன்.
அச்சிட்ட கடிதத்தின் தலையில்
பச்சை மையில் கிறுக்கல்:
"டிரம்காரர் ஜென்மத்தில் தயவுசெய்து என்றதில்லை.
காலையில் போன் போட்டுக் கேக்கணும்.
பணம் போடல."

திரும்பி வந்து அந்த முகவரியை அடைத்தேன்.
எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினேன்.
திம்மக்காவின் சந்தேகத்தை
எந்த விதியில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை.

திரையில்
நானூற்றுப் பதினெட்டு.